இடியப்ப அச்சும் ஒரு இதுவும்

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா வாயில வச்சா ஒரு இது இல்ல," என்றாள் பாக்கியலெட்சுமி.

தினேஸ் இடியப்ப உரலின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்தபடி நின்றான். தேயிலை பேக்டரியில் இரவு வேலையை முடித்துவிட்டு, சட்டையில் கொழுந்து வாசம் போகுமுன்பே நேராக இங்கே வந்திருந்தான். ஸ்பிரிங்வெளி ரோட்டில் பதுளை டவுனுக்கு இறங்கும் வழியில், ரோட்டுக்குக் கீழே இருந்தது பாக்கியலெட்சுமியின் வீடு. டவுனில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் அரைவாசிக்குக் காலை இடியப்பம் அந்த வீட்டுக் குசினியில் அவிந்துதான் போனது.

"ஒரு இதுன்னா என்னாக்கா? நூல் மெலிசா இருக்கா, மொத்தமா இருக்கா?"

"மெலிசும் இல்ல, மொத்தமும் இல்ல. ஒரு இது இல்ல. அம்புட்டுத்தான்."

தினேஸ் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டான். அவனுக்கு அது நல்ல இடியப்பமாகத்தான் இருந்தது. ஆனால் இரவு முழுக்கத் தேயிலைத் தூசி தின்ற நாக்கை அவன் நம்பத் தயாராக இல்லை.

உரலின் அடியில் மாட்டியிருந்த பித்தளை அச்சு அவன் செய்தது. கம்ப்யூட்டரில் வரைந்து மெஷினில் துளைத்தது. நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி ஒரு வளையம், அந்த வளையத்தைச் சுற்றி இன்னொன்று என்று ஓரம் வரைக்கும் போயிருந்தான். மா வழுக்கி இறங்கட்டும் என்று ஒவ்வொரு துளையின் மேல்வாயையும் சற்று அகலமாக்கியிருந்தான். ஒரு துளைக்கும் மற்றதுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனால் அந்தப் படத்தில் 'ஒரு இது'வுக்கு எங்கேயும் இடம் விடவில்லை என்பது உண்மைதான்.

"ஒரு ஈட்டை வச்சு எப்படிச் சொல்றது?" என்றாள் பாக்கியலெட்சுமி. "கொழைச்ச மாவெல்லாத்தையும் பிழிஞ்சு பாரு தம்பி. போகப் போக அச்சு பழகும்ல."

அவன் பிழிந்தான். அது வீட்டு உரல் அல்ல; கடைகளுக்கென்றே பெரிதாகக் கடைந்த உரல். கைப்பிடிகளில் ஆள் பாதி தொங்கினால்தான் மா இறங்கும். பாக்கியலெட்சுமியின் மகள் மதுஷா, பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், பிரம்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே பிடித்தாள். தட்டுகள் தீரவே மாட்டேன் என்றன. பக்கத்தில் இரும்பு அடுப்பு ஒன்று புகை விடாமல், சத்தம் போடாமல், ஒரே சீராக எரிந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகத் தினேஸ் அதைப் பார்த்தான்.

"நல்ல அடுப்புக்கா."

"எங்க நல்லது. இரும்பு வேலை செய்யிற ஒரு வெல்டிங் பாஸ் செஞ்சு தந்தாரு. பாவம், அந்த மனுசனும் எத்தனையோ வாட்டி வந்து பார்த்தாரு. கடைசி வரைக்கும் சரியா அமையவே இல்ல."

மதுஷா அடுப்பையும் அம்மாவையும் பார்த்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

எல்லா மாவும் தீர்ந்த பிறகு பாக்கியலெட்சுமி இன்னொரு வாய் தின்று பார்த்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"இல்ல தம்பி. வேற ஒண்ணு செஞ்சு பாரு. இது இங்கேயே கெடக்கட்டும்."

*

தினேஸ் மெஷின் என்று சொல்வதை அவனுடைய அண்ணன் சிவஞானம் 'அந்தச் சாமான்' என்றுதான் சொல்வான். சிவஞானத்துக்கு டவுனில் ஒரு ஆட்வெயார் கடையில் வேலை. அந்தக் கடையில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வேலையும் உண்டு. தம்பியின் சாமானுக்கு இரண்டும் இல்லை.

கழித்துப்போட்ட பிரிண்டர்களின் மோட்டர்கள், மேசை லாச்சி திறந்து மூட ஓடுகிற தண்டவாளங்கள், மரையடித்த கம்பி, தச்சு வேலைக்காரர் பலகை குடையக் கையில் பிடிக்கிற சின்ன ரவுட்டர் ஒன்று. இவ்வளவையும் பலகையில் பூட்டி ஒரு பழைய கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தான். கம்ப்யூட்டரில் அளவோடு படம் வரைந்து கொடுத்தால், மோட்டர்கள் ரவுட்டரை இழுத்துக்கொண்டு போய், படத்தில் சொன்ன இடத்தில், சொன்ன ஆழத்துக்குத் துளை போடும். டெக்னிக்கல் கொலேஜில் படம் வரைகிற கோர்ஸைப் பாதியில் விட்டவன் அவன். மீதிப் பாதியை இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டான். வெளிநாட்டில் வேலைவெட்டி முடித்த மனிதர்கள் பொழுதுபோக்குக்காக இப்படிச் சி.என்.சி. ரவுட்டர் செய்கிறார்கள் என்று அங்கேதான் கண்டுபிடித்தான். வேலையும் வெட்டியும் முடியாதவன் செய்தால் என்ன பெயர் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

மெஷின் வேலை செய்தது. அதுதான் பிரச்சினை. பலகைத் துண்டுகளில் வரிசை வரிசையாக அழகான துளைகளைப் போட்டது. அந்தத் துளைகள் எதற்கு என்று கேட்டால் இன்னொரு பலகையை எடுத்து மெஷினில் வைப்பான்.

"அந்தச் சாமான் கெடக்கிற ரூமை வாடகைக்குக் கேட்டு ஆள் வருது," என்று சிவஞானம், அச்சு என்ற பேச்சே வருமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தான். "நான் ஒண்ணும் கொடுமைக்காரன் இல்லடா. வெளியில ஒருத்தர், ஒரே ஒருத்தர், உன் சாமானால எனக்கு உருப்படியா ஒரு காரியம் ஆச்சுன்னு சொல்லட்டும். ரூமை நீயே வச்சுக்க. இல்லாட்டி சித்திரை வருஷத்துக்குள்ள அதைத் தூக்கிரு."

"நல்லாருக்குன்னு ஒருத்தர் சொன்னா போதுமா?"

"போதும். ஆனா சொந்தக்காரனா இருக்கக்கூடாது. உன் பேக்டரிக் கூட்டாளிகளும் கூடாது. அவனுக நித்திரையில என்னத்துக்கும் நல்லதுன்னு சொல்லுவானுக."

அடுத்த நாள் காலை இடியப்பம் வாங்கப் போன இடத்தில்தான் வழி திறந்தது. பாக்கியலெட்சுமி முற்றத்தில் குந்தியிருந்து, தேய்ந்துபோன ஓர் அச்சின் துளைகளை ஆணியால் குத்திக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் நூலும் ஒரு பக்கம் கயிறுமாக வருகிறது என்று அச்சைத் திட்டினாள். தினேஸ் தன்னிடம் துளை போடுகிற மெஷின் இருப்பதாகச் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் கொஞ்ச நேரமும், கொழுந்துச் சாக்குத் தூக்கிப் பழகிய அவன் தோளில் நிறைய நேரமும் அவள் பார்வை நின்றது.

"செஞ்சு கொண்டா தம்பி," என்றாள். "ஆனா நீயே பிழிஞ்சு காட்டணும். சாமான் செஞ்சவனுக்குத்தான் அதோட கொறை தெரியும்."

அது நியாயமான பேச்சாகத்தான் அவனுக்குப் பட்டது.

*

இரண்டாவது அச்சுக்கு அவன் துளையைப் பெரிதாக்கினான். 'ஒரு இது' என்பது வாயில் நிற்க வேண்டிய ஏதோ ஒன்று, நூல் மெலிசாக இருந்தால் அது நிற்காது என்பது அவன் கணக்கு. படத்தில் எல்லா வட்டங்களையும் தெரிவு செய்து, விட்டத்தை மாற்றி, ரவுட்டரில் துளைக்கிற அலகையும் மாற்றினான். கம்ப்யூட்டரில் அது மிக லேசான வேலையாக இருந்தது.

உரலை அமுக்கியதும் மா பொதபொதவென்று இறங்கியது. தட்டில் சுருண்டு கிடந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"மண்புழு," என்றாள் மதுஷா.

"அவிஞ்சா சரியாகும்," என்றான் தினேஸ்.

அவிந்த பிறகு அது அவிந்த மண்புழுவாக இருந்தது.

பாக்கியலெட்சுமி கோபப்படவில்லை. அவள் அவனிடம் ஒருபோதும் கோபப்பட்டதில்லை. பெருமூச்சு விட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவால்ல தம்பி. முயற்சி பண்ணுறியே, அதுவே பெரிசு. கடைக்காரன் காத்திருப்பான். இன்னிக்கி ஒப்பேத்துறதுக்கு அந்தப் பழைய அச்சையே போடு."

பழைய அச்சு என்பது அவன் முதலில் செய்த அச்சு. ஆணியால் குத்திய அந்தக் கிழட்டு அச்சு எங்கே போனதோ, அதன் பிறகு அவன் கண்ணில் படவே இல்லை. அவன் முதல் அச்சைப் பூட்டி, மாவை நிரப்பி, தொங்கினான். தட்டு தட்டாகப் போனது. பிழிந்து முடித்துப் பார்த்தபோது அவனுடைய வலது கை ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக இருந்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கடைகளுக்குக் கூடை கொண்டு போகிற மொஹிதீன் நானா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கூட ரெடியா? ஆ, பிழியிற தம்பி இன்டைக்கும் வந்திரிக்காரா?"

"அவரு மெஷின்காரரு நானா," என்றாள் மதுஷா.

"மது, கூடையக் கொடு," என்றாள் அவளுடைய அம்மா.

*

விஷயத்தை விளக்கியது அண்ணிதான். அவள் பகல் முழுக்க டிவி நாடகம் பார்க்கிறவள். மனிதர்கள் நேராக எதையும் செய்வதில்லை என்பதில் அவளுக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

"மாத்தி மாத்திச் செஞ்சும் நல்லா இல்லேன்னா, குத்தம் அச்சில இல்ல," என்றாள், கருவாட்டைச் சுத்தம் செய்தபடி. "அந்த வீட்டுல கலியாணம் கட்டாத பொண்ணு இருக்கா?"

"இருக்கு."

"தட்டை யார் புடிக்கிறது?"

"அதுதான் புடிக்கிது."

"அப்பறம் என்ன. அச்சு சரியாயிட்டா நீ வரமாட்டில்ல. அம்மா காதுல ஓதிக் கெடுக்கிறதே அந்தப் பொண்ணுதான்."

தினேஸ் அதை நம்பவில்லை. நம்பவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ள, அடுத்த நாள் பேக்டரிக்குப் போகும்போது பையில் ஒரு தோய்த்து மடித்த சட்டையை வைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் பேக்டரிப் பைப்பில் முகம் கழுவி அதைப் போட்டுக்கொண்டான். மூன்றாவது அச்சு இன்னும் தயாராகவில்லை. இருந்தாலும் 'அளவு பார்க்க வேண்டியிருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு போனான்.

"நல்லவேளை வந்த," என்றாள் பாக்கியலெட்சுமி. "ஒரு தடவ பழைய அச்சில நல்லாப் பிழிஞ்சு பாரு தம்பி. எங்க கொறைன்னு கை சொல்லும்."

கை பலதும் சொன்னது. குறை எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. தட்டைப் பிடிக்கும்போது மதுஷா அவனுடைய சட்டையைப் பார்த்தாள். பிறகு அவனுடைய கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அண்ணி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று தினேசுக்குப் பட்டது. அன்று அவன் வழக்கத்தைவிட ஆழமாகத் தொங்கினான்.

*

மூன்றாவது அச்சு அந்தக் கையால்தான் கெட்டது.

துளை போடும்போது தகடு அசையக்கூடாது. அதற்காக நான்கு மூலையிலும் கட்டை வைத்து மரையை முறுக்கி இறுக்க வேண்டும். முறுக்குவதற்குக் கை வேண்டும். தினேசின் கை அப்போது தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே இரண்டு தடவை யோசிக்கிற நிலையில் இருந்தது. இறுக்கியது போதும் என்று நினைத்துக்கொண்டு மெஷினை ஓடவிட்டான். உள்வளையம் வரைக்கும் சுத்தமாக வந்தது. பிறகு தகடு மெதுவாக ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது. மெஷினுக்கு அது தெரியாது. படம் சொன்ன இடத்தில் அது தன் பாட்டில் துளைத்துக்கொண்டே போனது. வேலை முடிந்தபோது மற்றத் துளைகளெல்லாம் அச்சின் ஒரு கரையில் கூட்டம் போட்டிருந்தன, பஸ்சில் ஜன்னல் பக்கம் எல்லோரும் சாய்கிற மாதிரி. சில துளைகள் சாய்வாகவும் இருந்தன.

வேறு தகடு இல்லை. அண்ணன் கடையில் வெட்டுத்துண்டாகக் கிடைத்த பித்தளை அத்தோடு முடிந்திருந்தது.

"மா எந்தப் பக்கத்தால வந்தா என்ன," என்று சொல்லிக்கொண்டு அவன் அதையே எடுத்துப் போனான்.

மா ஒரு பக்கத்தால்தான் வந்தது. ஆனால் கீழே வரவில்லை. சாய்ந்த துளைகள் வழியாகப் பக்கவாட்டில் பாய்ந்து, மதுஷா பிடித்திருந்த தட்டைத் தாண்டி, சுவரில் தொங்கிய கலண்டரில் போய் ஒட்டியது. அந்த மாதம் முழுவதும் மறைந்துபோனது.

மதுஷா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தாள். தினேஸ் அவள் சிரித்து அதுவரை கண்டதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் உரலை விட்டுவிட்டான். உரல் அவனுடைய காலில் விழுந்தது.

"பரவால்ல தம்பி, கை நல்லாருக்கில்ல?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி. காலைப் பற்றி அவள் கேட்கவில்லை. "அந்தப் பழசையே மாட்டு."

*

அதற்குப் பிறகு அவன் பேக்டரியில் ஒரு நாள் லீவு போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தான். பழைய படங்களைத் திறக்கவே இல்லை. புதுப் பித்தளைத் தகடு வாங்கினான். கம்ப்யூட்டரையும் சுத்தமாக அழித்து, மெஷினை ஓட்டுகிற மென்பொருளைப் புதிதாக ஏற்றினான். கையில் அண்ணி தந்த தைலத்தைப் பூசி, கட்டைகளை நன்றாக இறுக்கினான். இந்தத் தடவை எதிலும் குறை வரக்கூடாது. சித்திரை வருஷம் வாசலில் நின்றது.

மெஷின் இருந்தது அண்ணியின் மேசை மேல். அது அவளுக்குக் கலியாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த மேசை. முன்னறையில் சிவஞானம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்ச் கடைசிக்கு வந்திருந்தது.

தினேஸ் படத்தை மில்லிமீட்டரில் வரைந்திருந்தான். புதிதாக ஏற்றிய மென்பொருள் அங்குலத்தில் நின்றது. அதை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பழையதில் எப்போதோ மாற்றி வைத்ததால் இப்போது ஞாபகம் வரவில்லை.

தகட்டைத் துளைத்து வெளியே வரச் சில மில்லிமீட்டர் போதும். மெஷின் அத்தனை அங்குலம் இறங்கப் புறப்பட்டது. தகட்டைத் துளைத்தது. அதற்குக் கீழே இருந்த பலகையைத் துளைத்தது. அண்ணியின் மேசையையும் துளைக்க ஆரம்பித்தது. தினேஸ் 'நிறுத்து' என்பதை அழுத்தினான். புது மென்பொருளில் அது வேறு இடத்தில் இருந்தது. அவன் அழுத்தியது வேகத்தைக் கூட்டுகிற பொத்தான். ரவுட்டரின் மூக்கு தகட்டில் இடித்து நின்றது. மோட்டர்கள் விடாமல் இழுத்தன. ஏதோ ஒன்று கருகியது. பிறகு முழு வீடும் இருண்டது.



"நாலு ரன்தான் தேவைப்பட்டுச்சு," என்றது சிவஞானத்தின் குரல், இருட்டுக்குள் மிக அமைதியாக.

பக்கத்து வீட்டிலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. அது வென்ற கூச்சலா தோற்ற கூச்சலா என்று தெரியவில்லை. அண்ணி மெழுகுவர்த்தியோடு வந்தாள். மேசையின் மேல் பக்கத்தைப் பார்த்தாள். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். துளை வழியாக அவளுடைய விரல் சுளுவாகப் போய் வந்தது.

"நேரா போட்டிருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

சிவஞானம் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். "அந்தம்மா நல்லாருக்குன்னு சொல்லுச்சா, இல்லையா?"

"இன்னும் இல்ல."

"இவ்வளவு நாள்ல ஒருக்காவாச்சும்?"

தினேஸ் இல்லை என்று தலையாட்டினான். பொய் சொல்லலாம் என்றும் தோன்றியது. ஆனால் மண்புழுவையும் கலண்டரையும் பார்த்த பிறகு அந்தப் பொய்யை அவனாலேயே நம்ப முடியவில்லை.

"பண்டாரவளையில போர்டு எழுதுற ஒருத்தன் மோட்டர் கேட்டுக்கிட்டிருந்தான்," என்றான் சிவஞானம். குரலில் கோபம் இல்லை. அதுதான் தினேசுக்குத் தாங்கவில்லை. "ஞாயித்துக்கிழம கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துரு."

*

சொல்லாமல் போவது சரியில்லை என்று சனிக்கிழமை காலை அவன் பாக்கியலெட்சுமியின் வீட்டுக்குப் போனான். மெஷினை விற்கப் போவதாகச் சொன்னான். அவள் மா குழைத்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அப்ப இனிமே வரமாட்டியா?"

"அச்சுச் செய்ய மெஷின் இல்லையேக்கா."

"அவசரப்படாத தம்பி. கிட்டத்தட்ட வந்திருச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு செஞ்சு பாரு. என்னமோ என் மனசு சொல்லுது, அடுத்தது சரியா வரும்."

அவளுடைய முகத்தில் உண்மையான துக்கம் இருந்தது. தன் வேலையில் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒரு மனுசியை ஏமாற்றிவிட்டோமே என்று தினேஸ் நினைத்தான். அந்த நினைப்போடு அவன் உரலை எடுத்தான். கடைசி நாள் என்று பாராமல் மாவெல்லாவற்றையும் பழைய அச்சில் பிழிந்து கொடுத்தான். வெந்த தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அடுப்பு தன் பாட்டில் எரிந்தது. பாக்கியலெட்சுமி அவனுக்கு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். அவன் சாப்பிட்டான். அந்த 'ஒரு இது' எங்கே இல்லாமல் போகிறது என்று கடைசி முறையாகத் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

புறப்படும்போது மதுஷா வாசல் படலை வரைக்கும் வந்தாள்.

"மெஷின விக்காதீங்க," என்றாள் சின்னக் குரலில்.

தினேஸ் நின்றான். அண்ணி சொன்னதெல்லாம் ஒரே நொடியில் சரியாகிவிட்டது.

"ஏன்?"

"இல்ல, அந்த அச்சு..."

"மது," என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "அடுப்பப் பாரு."

"அடுப்பு நல்லாத்தாம்மா எரியிது."

"எரியிறத நின்னு பாரு."

மதுஷா உள்ளே போனாள். தினேஸ் ரோட்டுக்கு ஏறினான். ஒரு பெண் தன் மேல் பிரியம் வைத்த அன்றைக்கே, அவளைப் பார்க்க இருந்த ஒரே காரணத்தையும் விற்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. கோர்ஸையும் அவன் அது பிடிபட்ட நேரத்தில்தான் விட்டவன்.

*

ஞாயிற்றுக்கிழமை மொஹிதீன் நானாவின் ஆட்டோதான் கிடைத்தது. இருவரும் மெஷினைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். கம்ப்யூட்டர் தினேசின் மடியில் இருந்தது. ஆட்டோவுக்குள் அவித்த மா வாசம் நிரந்தரமாகக் குடியிருந்தது. ஹாலிஎல தாண்டியது. ஏற்றத்தில் ஆட்டோ முக்க ஆரம்பித்ததும் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"என்ன தம்பி இந்தச் சாமான்? தையல் மெஷினா?"

"துளை போடுற மெஷின் நானா. இதுலதான் பாக்கியமக்காவுக்கு இடியப்ப அச்சு செஞ்சேன்."

"ஆ, அந்த அச்சு நீங்க செஞ்சதா? நான் உங்கள சம்பளத்துக்குப் பிழிய வாரவர் எண்டுதான் நெனச்சேன்."

"இல்ல, அச்சு சரியான்னு பார்க்கத்தான் பிழிஞ்சேன்."

"வாற நேரமெல்லாம் மா முழுக்கவா?"

"அப்பதான் குறை தெரியும்னு அக்கா சொன்னாங்க."

மொஹிதீன் நானா கியரை மாற்றினார். ஒரு வளைவு முழுக்க யோசித்தார்.

"அப்ப இத இப்ப எங்க கொண்டு போற?"

"விக்கப் போறேன் நானா. எத்தனையோ அச்சு செஞ்சு பார்த்தேன். சரியாவே வரல."

நானா ஆட்டோவை மெதுவாக்கி, ரோட்டோரம் புல்லில் ஏற்றி நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார். திரும்பி, மெஷினையும் அவனுடைய கையையும் நிதானமாகப் பார்த்தார்.

"வெல்டிங் பாஸும் கடைசி நாள் இதே ஆட்டோவில இருந்து, அடுப்பு சரியாவே வரல்ல எண்டு சொல்லிட்டுத்தான் போனார் தம்பி, அந்த அடுப்பும் உங்கட மொத அச்சும் இரிக்கிறதாலதான் அக்காட இடியப்பத்துக்கு டவுன்ல இந்த அடிபிடி, அவவுக்கு இன்னும் சரியா அமையாதது சம்பளம் கேக்காமப் பிழியிறதுக்கு ஒரு ஆள் மட்டும்தான்."